கருமுட்டையின் கொடுக்கல் வாங்கல்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பெண் குழந்தை தன் வாழ்நாளுக்கான கருமுட்டைகளைச் சினைப்பையில் சுமந்துகொண்டே பிறக்கிறது என்று ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தேன். அதையொட்டித் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பலவும், அந்த முட்டைகள் இத்தனை ஆண்டுகள் எப்படிக் காக்கப்படுகின்றன, அவற்றைச் சுற்றியுள்ள செல்களுக்கு என்ன வேலை என்பதையே வெவ்வேறு வகையில் கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியுள்ளேன்.

பிளஸ் டூ மாணவி, அரூர்: கருமுட்டையைச் சுற்றியுள்ள கிரானுலோசா செல்கள் அதற்கு ஊட்டம் அளிக்கின்றன என்று படித்தோம். முட்டையைச் சுற்றி சோனா பெலுசிடா என்ற செல்லற்ற உறை இருக்கிறது என்றும் படித்தோம். நடுவில் இப்படி ஒரு சுவர் இருக்கும்போது ஊட்டம் உள்ளே போவது எப்படி?

உங்கள் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. முதலில் அந்தச் சுவர் எப்போது எழுகிறது என்று பார்த்துவிடுவோம்.

மனிதரின் சினைப்பையில் உறக்க நிலையில் இருக்கும் முட்டையின் குறுக்களவு ஏறக்குறைய 0.035 மில்லிமீட்டர். அதன்மேல் தட்டையான செல்கள் ஒரே அடுக்காகப் படிந்திருக்கும். இடையில் உறை எதுவும் கிடையாது. முட்டை வளரத் தொடங்கும்போது இந்தத் தட்டைச் செல்கள் பருத்து, பெருகி, பல அடுக்குகளாகின்றன. அதே காலத்தில் முட்டை, சர்க்கரை இணைந்த புரதங்களான சில கிளைக்கோபுரதங்களைச் சுரந்து தன்னைச் சுற்றி உறையை எழுப்பிக்கொள்கிறது. வளர்ச்சி முடியும்போது முட்டையின் குறுக்களவு சுமார் 0.12 மில்லிமீட்டராகவும், உறையின் தடிமன் 0.015 முதல் 0.02 மில்லிமீட்டராகவும் இருக்கும். ஒரு கேழ்வரகு மணியின் குறுக்களவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்றாலும், உடலில் உள்ள மற்ற செல்களோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய செல்.

உறை தடிக்கத் தடிக்கச் சுற்றியுள்ள செல்கள் முட்டையை விட்டு விலகத்தான் வேண்டும். ஆனால் அவை தொடர்பை விடுவதில்லை. ஒவ்வொரு செல்லும் தன் உடலிலிருந்து மிக மெல்லிய இழைகளை நீட்டி, உறையை ஊடுருவி, முட்டையின் மேற்பரப்பைத் தொடுகிறது. இந்த இழைகளுக்கு முதுகெலும்பாக இருப்பது பெரும்பாலும் ஆக்டின் என்ற புரதம். முதலில் இருந்த தொடர்புகளே உறை தடித்தபோது இழுபட்டு நீண்டு இழைகளாயின என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹியூ கிளார்க் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, எலியில் முட்டை வளர வளரப் புதிய இழைகள் முளைத்து அவற்றின் எண்ணிக்கை கூடுகிறது என்றும், அவற்றை முளைக்கச் செய்யும் ஆணை முட்டையிலிருந்தே வருகிறது என்றும் காட்டியது. சுவரைக் கட்டுவதும் முட்டைதான், அதில் வழி வைக்கச் சொல்வதும் முட்டைதான்.

இழையின் நுனி முட்டையைத் தொடும் இடத்தில் இரு செல்களின் சவ்வுகளையும் துளைத்துச் செல்லும் நுண்ணிய கால்வாய்கள் உள்ளன. அவற்றை இடைவெளிச் சந்திகள் என்பார்கள். கனெக்சின் என்ற புரதங்களால் ஆன இந்தக் கால்வாய்களின் வழியே ஏறக்குறைய 1000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடைக்கு உட்பட்ட சிறு மூலக்கூறுகள் மட்டுமே செல்ல முடியும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் நுழைய முடியாது. எலியில் முட்டைக்கும் சுற்றுச் செல்களுக்கும் இடையில் இருப்பது கனெக்சின்-37. சுற்றுச் செல்கள் தங்களுக்குள் இணைந்திருப்பது பெரும்பாலும் கனெக்சின்-43இன் வழியாக. கனெக்சின்-37 இல்லாமல் பிறந்த பெண் எலிகள் மலடாகவே இருந்ததை 1997இல் டேவிட் பால் குழுவினர் கண்டறிந்தனர். அந்த எலிகளின் முட்டைகள் முழு வளர்ச்சியையும் எட்டவில்லை, சினைப்பையிலிருந்து வெளியேறவும் இல்லை. முட்டைக்குள் பிறக்கும் ஒரு கால்வாய்ப் புரதம் இல்லாமற்போனதால் சினைப்பையின் வேலையே நின்றுபோயிற்று.

இனி, கால்வாயில் என்ன போகிறது என்று பார்ப்போம். முட்டையால் குளுக்கோஸை நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ள ஏறக்குறைய முடியாது. சுற்றுச் செல்கள் குளுக்கோஸை உடைத்துப் பைருவேட்டாக மாற்றித் தருகின்றன; முட்டை அதைத் தன் மைட்டோகாண்ட்ரியாக்களில் எரித்து ஆற்றல் பெறுகிறது. அலனைன் போன்ற சில அமினோ அமிலங்களையும் முட்டையால் தானாகப் போதுமான அளவில் உள்ளிழுக்க முடியாது. அவையும் சுற்றுச் செல்கள் வழியாகவே வருகின்றன. எலி முட்டை தனக்கு வேண்டிய கொலஸ்டிராலையும் அவற்றிடமிருந்தே பெறுகிறது. மாட்டில் ஒருபடி மேலே சென்று, இழைகளின் வழியே ஆர்என்ஏவும் முட்டைக்குள் இறங்குவதைக் கியூபெக்கின் லாவல் பல்கலைக்கழகத்தினர் 2014இல் காட்டியிருக்கிறார்கள். ஆர்என்ஏ மூலக்கூறு இடைவெளிச் சந்தியில் நுழைய முடியாத அளவு பெரியது. ஆகவே அதற்கு வேறு வழி இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, "ஊட்டம் அளிக்கின்றன" என்ற பாடப்புத்தக வரியில் எனக்கு ஒரு குறை உண்டு. அது பிழையான வரியன்று, பாதி வரி. சுற்றுச் செல்கள் குளுக்கோஸை உடைக்க வேண்டும் என்பதற்கான தூண்டலே முட்டை சுரக்கும் புரதங்களிலிருந்து வருகிறது. எலியில் முட்டையை மட்டும் நீக்கிவிட்டால் அந்தச் செல்களில் குளுக்கோஸை உடைக்கும் நொதிகள் குறைந்துவிடுகின்றன; முட்டையை மீண்டும் அருகில் வைத்தால் திரும்ப வருகின்றன. தனக்கு வேண்டியதைச் சமைக்கும்படி முட்டை கேட்டு வாங்குகிறது என்பதே முழு வரி.

பால் உற்பத்தியாளர், பாலக்கோடு: ஐயா, என்னிடம் கலப்பினக் கறவை மாடுகள் உள்ளன. காலையில் மாடு கத்துகிறது, சளி ஒழுகுகிறது என்று சொல்லிச் சினை ஊசி போடக் கூப்பிட்டால், "மாலையில் வருகிறேன்" என்கிறார் ஊசி போடுபவர். இழுத்தடிக்கிறாரா, இல்லை இதில் விஷயம் இருக்கிறதா?

இழுத்தடிக்கவில்லை, அவர் செய்வது சரி. காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடும் வழக்கம், 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ட்ரிம்பெர்கர் என்பவர் மாடுகளில் நேரம் குறித்துச் செய்த ஆய்வுகளிலிருந்து பரவியது. மாடு பருவத்தில் இருப்பது பொதுவாக 12 முதல் 18 மணி நேரம். பருவ அறிகுறிகள் அடங்கி 10 முதல் 12 மணி நேரம் கழித்தே முட்டை வெளியேறும். வெளியே வந்த முட்டை கருவுறும் தகுதியோடு இருப்பது சில மணி நேரமே. விந்தணுவும் உள்ளே போனவுடன் வேலை செய்யாது, கருவுறச் செய்யும் தகுதியை அடைய அதற்கும் சில மணி நேரம் தேவை. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டிய வேளையைக் கணக்கிட்டே மாலையில் வருகிறார்.

அந்த ஒரு நாளில் உங்கள் மாட்டின் சினைப்பைக்குள் நடப்பது என்ன என்பதே இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த மாடு தன் தாயின் வயிற்றில் கன்றாக இருந்தபோதே அதன் முட்டைகள் குன்றல் பிரிவு என்ற சிறப்புச் செல் பிரிவைத் தொடங்கி, தொடக்கக் கட்டத்திலேயே நின்றுவிட்டன. அன்று நின்றது பல ஆண்டுகள் கழித்து, பருவத்துக்கு வந்த நாளில்தான், அதுவும் அந்தச் சுழற்சியில் முதிர்ந்த ஃபாலிக்கிளில் இருக்கும் முட்டைக்கு மட்டும், மீண்டும் தொடங்குகிறது. முட்டை உருவாகி வளரும், நீர் நிறைந்த சிறு பைதான் ஃபாலிக்கிள். முட்டையை இத்தனை காலம் நிறுத்தி வைப்பது எது? 1935இல் கிரிகோரி பிங்கஸ், என்ஸ்மன் என்ற இருவர் முயலின் முட்டையை ஃபாலிக்கிளிலிருந்து வெளியே எடுத்து வளர்ப்பு ஊடகத்தில் வைத்தார்கள். எந்த ஹார்மோனும் சேர்க்காமலேயே முட்டை தன் பிரிவைத் தொடங்கிவிட்டது. முட்டைக்குத் தொடங்கத் தெரியும், சுற்றியிருப்பவைதான் அதைத் தடுத்து வைத்திருக்கின்றன என்பது அன்றே புலப்பட்டது. இதே பிங்கஸ்தான் பின்னாளில் கருத்தடை மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவராகப் பெயர் பெற்றார்.

தடுத்து வைப்பது எப்படி என்பது தெளிவாக எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முட்டைக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறின் அளவு உயர்ந்திருக்கும்வரை பிரிவு தொடங்காது. அதை முட்டையே ஜிபிஆர்-3 என்ற தன் ஏற்பியின் (செய்தியைப் பெறும் புரதத்தின்) உதவியால் உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் அதே முட்டைக்குள் பிடிஇ-3ஏ என்ற நொதியும் இருக்கிறது. அது சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். அந்த நொதியை அடக்கி வைக்கும் பொருள் சைக்ளிக் ஜிஎம்பி. இதுதான் வெளியிலிருந்து வருகிறது. ஃபாலிக்கிளின் சுவரை ஒட்டிய செல்கள் சிஎன்பி என்ற சிறு புரதத்தைச் சுரக்கின்றன. முட்டையை ஒட்டிய செல்களில் அதற்கான என்பிஆர்-2 என்ற ஏற்பி இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததும் அந்தச் செல்களுக்குள் சைக்ளிக் ஜிஎம்பி உண்டாகி, முன் கேள்வியில் சொன்ன கால்வாய்கள் வழியே முட்டைக்குள் இறங்குகிறது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் எப்பிக் குழுவினர் 2010இல் இதை வெளியிட்டபோது இன்னொன்றையும் காட்டினார்கள். முட்டையை ஒட்டிய செல்கள் என்பிஆர்-2 ஏற்பியை நிறைய உண்டாக்கிக்கொள்வது, முட்டை சுரக்கும் புரதங்கள் அவற்றைத் தூண்டுவதால்தான். தன்னைப் பிடித்து வைக்கும் கையையும் முட்டையே வலுப்படுத்திக்கொள்கிறது. இதை முதலில் படித்தபோது, சிறைப்பட்ட முட்டை என்று அதுவரை வகுப்பில் சொல்லிவந்த பேச்சை நிறுத்திவிட்டேன்.

இனி, உங்கள் மாடு கத்திய காலைக்கு வருவோம். பருவம் தொடங்கும் வேளையை ஒட்டி மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.எச். என்ற ஹார்மோன் ஒரேயடியாக இரத்தத்தில் பாய்கிறது. விந்தை என்னவென்றால், எல்.எச்.சைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பி முட்டையில் கிடையாது. அதை ஒட்டிய செல்களிலும் மிகக் குறைவு. செய்தி முதலில் போய்ச் சேர்வது ஃபாலிக்கிளின் வெளிச் சுவரில். அந்தச் செல்கள் உடனே என்பிஆர்-2இன் வேலையைத் தணிக்கின்றன, தங்களுக்கிடையே உள்ள கால்வாய்களை மூடுகின்றன, ஆம்ஃபிரெகுலின், எபிரெகுலின் போன்ற புரதங்களைச் சுரந்து உட்பக்கச் செல்களுக்குச் செய்தியைக் கடத்துகின்றன. சைக்ளிக் ஜிஎம்பி இருக்கும் அளவைப் பொறுத்து ஒளிரும் தன்மை மாறும் புரதத்தை எலியில் புகுத்தி, கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் லாரிண்டா ஜாஃபி குழுவினர் இதை நேரிலேயே படம்பிடித்தனர். எல்.எச். பட்ட ஒரு நிமிடத்தில் வெளிச் சுவரில் சைக்ளிக் ஜிஎம்பி குறையத் தொடங்கி, 20 நிமிடங்களுக்குள் முட்டைக்குள்ளும் சரிந்துவிட்டது. முட்டையில் இருந்த சைக்ளிக் ஜிஎம்பி, அளவு குறைந்த வெளிப்பக்கம் நோக்கி அதே கால்வாய்கள் வழியே வடிந்துவிடுகிறது. முட்டைக்கு வரும் செய்தி இதுதான்: இதுவரை வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது. அடக்கம் நீங்கிய பிடிஇ-3ஏ சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்க, பல ஆண்டுகள் நின்றிருந்த பிரிவு மீண்டும் நகர்கிறது. மாட்டில் அது முடிந்து முட்டை முதிர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.

அந்த ஒரு நாளின் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். நான் பணியிலிருந்த காலத்தில், இறைச்சிக் கூடத்திலிருந்து எருமைச் சினைப்பைகளை வெதுவெதுப்பான உப்புநீர் நிரப்பிய பிளாஸ்கில் கொண்டுவருவோம். 2 முதல் 8 மில்லிமீட்டர் வரையுள்ள ஃபாலிக்கிள்களில் 18ஆம் எண் ஊசியைச் செருகி, நீரை உறிஞ்சித் தட்டில் விட்டு, நுண்ணோக்கியின் கீழ் முட்டைகளைத் தேடுவோம். எந்த முட்டையை எடுப்பது, எதை விடுவது என்பதைப் பெரும்பாலும் சுற்றியுள்ள செல்களே தீர்மானித்தன. மூன்று அடுக்குக்குக் குறையாமல் செல்கள் இறுக்கமாகப் பொதிந்திருந்தால் எடுப்போம். செல்கள் உதிர்ந்து முட்டை வெறுமையாக நின்றால், முட்டை பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவோம். தேர்ந்தெடுத்தவற்றை 38.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஃபாலிக்கிளை வளரத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் கலந்த ஊடகத்தில் ஒருநாள் வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால், முந்தைய நாள் இறுகியிருந்த செல்கள் பல மடங்கு விரிந்து, ஒன்றையொன்று விட்டு விலகி, கொழகொழப்பான ஒரு பொருளுக்குள் மிதந்துகொண்டிருக்கும். பிப்பெட் நுனியில் ஒட்டிக்கொண்டு நூலாக இழுபடும். அந்தக் கொழகொழப்பு ஹையலுரோனன், செல்கள் சுரப்பது. இயற்கையில், முட்டை வெளியேறும்போது சினைக்குழாயின் விளிம்பு அதைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ள இந்தப் பிசுபிசுப்பு உதவுகிறது. எலியில், முட்டை ஆணையிடாவிட்டால் இந்த விரிவும் நிகழாது.

நடைமுறைக்கு ஒன்று: மாலையில் வருகிறேன் என்பவர் மறுநாள் மாலை வந்தால் பயனில்லை. தொடர்ந்து மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்றால், நான்காவது ஊசிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சினைப்பையையும் கருப்பையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஆடு வளர்ப்பவர், பென்னாகரம்: எங்கள் பக்கத்து மேச்சேரி ஆடுகள் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் ஈனுகின்றன. வங்காளத்தில் ஒரு செம்மறி இரட்டை, மூன்று என்று ஈனுமாம். தீவனமா, இனமா?

தீவனத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது இனத்தைப் பற்றியது. அது மேற்சொன்ன கொடுக்கல் வாங்கலோடு நேராகத் தொடர்புடையது.

முட்டை தன் சுற்றுச் செல்களுக்கு அனுப்பும் செய்திகளில் முதன்மையானவை ஜிடிஎஃப்-9, பிஎம்பி-15 என்ற இரு புரதங்கள். ஜிடிஎஃப்-9 இல்லாத எலிகளில் ஃபாலிக்கிள் ஓரடுக்கு நிலையைத் தாண்டுவதே இல்லை என்பதை 1996இல் ஹூஸ்டனில் மார்ட்டின் மாட்சுக் குழுவினர் காட்டினர். முட்டை பேசாவிட்டால் சுற்றம் வளராது என்று அன்று உறுதியாயிற்று. எப்பிக் குழுவினர் 2002இல் இதை இன்னும் அழுத்தமாகக் காட்டினார்கள். ஓரளவு வளர்ந்த எலி முட்டையை எடுத்து, பிறந்த குட்டியின் சினைப்பைச் செல்களோடு சேர்த்து வைத்தபோது, ஃபாலிக்கிள் வழக்கத்தைவிட இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. வளர்ச்சியின் கடிகாரம் முட்டையின் கையில் இருக்கிறது.

நியூசிலாந்தின் இன்வர்டேல் ஆடுகளில் பிஎம்பி-15 மரபணுவில் ஒரு மாற்றம் உண்டு, 2000இல் கண்டறியப்பட்டது. அந்த மாற்றம் ஒரு பிரதி மட்டும் உள்ள பெட்டை, ஒரு பருவத்தில் கூடுதல் முட்டைகளை வெளியிட்டு இரட்டைக் குட்டி ஈனும். இரண்டு பிரதிகளும் மாறியிருந்தாலோ சினைப்பை வளராமல் மலடாகிவிடும். பேச்சு சற்றுக் குறைந்தால் குட்டி கூடுகிறது, முற்றிலும் நின்றால் இனமே அற்றுப்போகிறது.

வங்காளத்தில் நீங்கள் கேள்விப்பட்டது சுந்தரவனப் பகுதியின் கரோல் செம்மறி. அதில் இருப்பது வேறொரு மாற்றம். செய்தியை அனுப்பும் பக்கத்தில் அல்லாமல் அதைப் பெறும் ஏற்பிகளில் ஒன்றில் உள்ள மாற்றம் அது. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற பூரூலா ஆடுகளிலும் இதே மாற்றத்தைத்தான் 2001இல் கண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திலிருந்து கப்பலேறிய ஆடுகளின் வழியே அது அங்கே சென்றிருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. மகாராஷ்டிரத்தின் பல்டன் நகரில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், கரோலின் இந்த மரபணுவைத் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து நாரி சுவர்ணா என்ற ஆட்டை உருவாக்கியிருக்கிறது.

மேச்சேரிக்கும் அப்படிச் செய்யலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. செய்ய முடியும். ஆனால் ஓகேனக்கல் பக்கத்துக் காய்ந்த மேய்ச்சல் நிலத்தில் மூன்று குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு யார் தீவனம் போடுவது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பட்டியிலேயே கட்டித் தீனி போட வழியுள்ளவருக்கு இரட்டைக் குட்டி இலாபம். மேய்த்து வளர்ப்பவருக்கு, நன்றாகத் தேறிய ஒற்றைக் குட்டியே மேல் என்பது என் எண்ணம்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓசூர்: செயற்கைக் கருத்தரிப்புக்காக எனக்கு 12 முட்டைகள் எடுத்தார்கள். சுற்றியுள்ள செல்களை நீக்கிப் பார்த்ததில் மூன்று முட்டைகள் முதிரவில்லை என்று விட்டுவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் வெளியிலேயே வைத்து முதிர வைத்திருக்கக் கூடாதா?

சகோதரி, உங்கள் ஏமாற்றம் புரிகிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல முடியும். முட்டைக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முட்டை எடுப்பதற்கு 34 முதல் 36 மணி நேரம் முன்பு உங்களுக்கு ஓர் ஊசி போட்டிருப்பார்கள். பாலக்கோட்டு வாசகருக்குச் சொன்ன எல்.எச். பாய்ச்சலின் வேலையை அந்த ஊசிதான் செய்கிறது. ஆனால் 12 ஃபாலிக்கிள்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. சிறியவற்றில் உள்ள செல்கள் அந்தச் செய்தியை முழுமையாக ஏற்கும் நிலையை எட்டியிருக்காது. அவற்றுக்குள் இருக்கும் முட்டைகள் பழைய நிலையிலேயே நின்றிருக்கும். எடுக்கப்படும் முட்டைகளில் ஒரு பகுதி இப்படி இருப்பது வழக்கமே. உங்கள் உடலில் ஏதோ கோளாறு என்று அதற்குப் பொருளில்லை.

ஒரு விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்ஸி முறையில், முட்டை முதிர்ந்துவிட்டதா என்று பார்க்கச் சுற்றியுள்ள செல்களை நொதியால் கரைத்து நீக்கியே ஆக வேண்டும். சிக்கல் அங்கேதான். முதிராத முட்டை என்று தெரியவரும் நேரத்தில், அதை முதிரச் செய்ய வேண்டிய செல்கள் நீங்கியிருக்கும். அப்படித் தனித்து நிற்கும் முட்டை, பிங்கஸின் முயல் முட்டையைப் போலவே, தானாகப் பிரிவைத் தொடங்கிப் பார்வைக்கு முதிர்ந்தும் விடலாம். ஆனால் குரோமோசோம்கள் வரிசைப்படுவது மட்டும் முதிர்ச்சி ஆகாது. கருவாகி முதல் சில நாள்களை ஓட்டத் தேவையான இருப்பை முட்டை சேர்த்துக்கொள்வது சுற்றுச் செல்களோடு இணைந்திருக்கும் காலத்தில்தான். அந்த இருப்பு இல்லாமல் முதிர்ந்த முட்டைகளிலிருந்து நல்ல கரு உருவாகும் வாய்ப்பு குறைவு. அதனாலேயே பல மருத்துவமனைகள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.

செல்களோடு சேர்த்தே முட்டையை எடுத்து, வெளியில் முதிர வைக்கும் முறை தனியாக உண்டு. ராபர்ட் எட்வர்ட்ஸ் 1965லேயே மனித முட்டைகளை வெளியில் முதிர வைத்துக் காட்டினார். இந்த முறையில் முதல் குழந்தை 1991இல் தென்கொரியாவில் பிறந்ததாக அறிவிக்கப்பட்டது. வெளியே எடுத்ததும் முட்டை அவசரப்பட்டுத் தொடங்கிவிடுவதுதான் இதன் பெரிய குறையாக இருந்தது. அதைச் சரிசெய்ய, முன்பு சொன்ன சிஎன்பியை ஊடகத்தில் சேர்த்து முட்டையை ஏறக்குறைய ஒருநாள் நிறுத்தி வைத்து, சுற்றுச் செல்களோடு அதன் தொடர்பைக் காத்து, பிறகே ஆம்ஃபிரெகுலினும் எஃப்.எஸ்.எச்.சும் கொடுத்துத் தொடங்க வைக்கும் முறையைப் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் உருவாக்கினர். வியட்நாமின் ஹோ சி மின் நகரில் அதன்வழிக் குழந்தைகள் பிறந்துள்ளன. எலிச் சினைப்பையில் கண்ட ஒரு செய்தி பத்தே ஆண்டுகளில் தாய்மார்களிடம் வந்து சேர்ந்தது மருத்துவத்தில் அரிதானது. சினைப்பையில் நீர்க்கட்டிகள் உள்ள பெண்களுக்கு, ஹார்மோன் ஊசிகளை மிகக் குறைத்துச் சிகிச்சை தர இது உதவுகிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், காவேரிப்பட்டணம்: இத்துறைச் செய்திகளைப் படித்தால் எல்லாம் எலி, எலி என்றே வருகிறது. எலிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்தும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

எல்லாம் பொருந்தும் என்று சொல்ல முடியாது, ஐயா. இழைகளும் கால்வாய்களும், சுற்றுச் செல்கள் ஊட்டம் தருவதும், தொடர்பு குறைந்ததும் பிரிவு தொடங்குவதும் இதுவரை பார்க்கப்பட்ட பாலூட்டிகளுக்குப் பொது. ஆனால் முட்டையின் செய்திகளில் எது முதன்மை என்பது விலங்குக்கு விலங்கு மாறுகிறது. பிஎம்பி-15 இல்லாத பெண் எலி சற்றுக் குறைவாகக் குட்டி போடும், அவ்வளவே. அதே புரதம் அற்ற ஆடு மலடு. பெண்களில் என்ன நிலை என்பதற்கு 2004இல் இத்தாலியில் ஒரு விடை கிடைத்தது. உரிய வயதில் சினைப்பை இயங்காமற்போன இரு சகோதரிகளிடம் பிஎம்பி-15 மரபணுவில் மாற்றம் இருந்தது. இந்தப் புரதத்தைப் பொறுத்தவரை நாம் எலியைவிட ஆட்டுக்கே நெருக்கமானவர்கள்.

எலி ஒரே முறையில் பத்து முட்டைகள் வெளியிடும். அதன் முட்டை முதிர அரை நாள் போதும். மாடு பெண்களைப் போலவே ஒரு சுழற்சியில் ஒரு முட்டையை விடுவது, முட்டையின் அளவும் ஏறக்குறைய நம்முடையதே, முதிர ஒருநாள் எடுத்துக்கொள்வது. மரபணுவை நீக்கிப் பார்க்கும் சோதனைகளுக்கு எலிதான் வசதி என்பதால் அதுவே செய்தியில் அடிபடுகிறது. ஆனால் முட்டையும் சுற்றுச் செல்களும் நடத்தும் பேச்சு பெண்களில் எப்படி இருக்கும் என்று ஊகிக்க வேண்டிய இடங்களில், மாட்டையும் ஆட்டையும் வைத்துச் செய்த ஆய்வுகளையே நான் முதலில் எடுத்துப் பார்ப்பேன். மனிதரிலும் நேரடிச் சான்றுகள் இல்லாமலில்லை. எல்.எச்.சின் வேலையைச் செய்யும் ஊசி போட்ட பிறகு முட்டையோடு சேர்த்து எடுக்கப்படும் ஃபாலிக்கிள் நீரில், எலியில் கண்ட அதே ஆம்ஃபிரெகுலின் மிகுந்திருப்பது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது.